கேம், ஆறுமுகம்!

1. பனி காயும் வரை

டென்னிஸ் புல்கோர்ட்டில் சேர் அம்பயருக்கு முதல் வேலை நாற்காலியில் ஏறுவது இல்லை. குனிந்து புல்லைத் தொட்டுப் பார்ப்பது. உள்ளங்கை ஈரமானால் ஆட்டம் கிடையாது. தை மாதத்தில் தாம்பரம் பக்கம் எப்படிப் பனி இறங்கும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்களெல்லாம் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும். அந்த வாரம் முழுக்க நாங்கள் தினமும் காலையில் வரிசையாக உட்கார்ந்து, புல்லைத் தடவி, கையைச் சேலையிலும் பேண்ட்டிலும் துடைத்துக்கொண்டிருந்தோம்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு சேலையூரில். டென்னிஸ் அம்பயர் வேலை சனி, ஞாயிறுகளில் ஒட்டிக்கொண்டு, பிறகு முழுசாகவே பிடித்துக்கொண்டது. புதிதாக அம்பயர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், "மேடம், உங்க அனுபவத்தை எழுதுங்க" என்று அரித்துக்கொண்டே இருக்கிறார்கள். விதிகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். புத்தகத்தில் இல்லாத ஒன்றைத்தான் எழுதுகிறேன். சிரிக்காமல் எழுத முயல்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

அந்த வாரம் நடந்தது தொழில்முறைப் போட்டி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே வாரம், ஒரே மைதானம். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட வந்திருந்தார்கள். புல்லில் பந்து எழும்பாது. தரையோடு சறுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு வரும். சிமெண்ட் கோர்ட்டில் ஆடிப் பழகியவர்கள் முதல் இரண்டு நாளில் தொபுக்கென்று விழுந்தார்கள். கோட்டைக் கவனிக்கும் லைன் அம்பயர் ஒருவரும் விழுந்தார். விழுந்த நிலையிலேயே கையை நீட்டி "அவுட்" என்றார். சரியான தீர்ப்பு அது.

காலிறுதி அன்று பனி கொஞ்சம் அதிகம். காலையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய இரண்டு ஆட்டங்களை, நேரம் போய்விட்டதால், பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஒரே சமயத்தில் போட்டார்கள். ஒன்றாம் கோர்ட்டில் பெண்கள் ஆட்டம்; நான் சேர் அம்பயர். இரண்டாம் கோர்ட்டில் ஆண்கள் ஆட்டம். அங்கே கோவிலம்பாக்கத்திலிருந்து வரும் என் நண்பர் பாஸ்கர். அன்றைய ஆட்டப் பட்டியலைப் பார்த்துவிட்டு பாஸ்கர் என்னிடம் ஓடி வந்தார்.

"மேடம், ரெண்டு கோர்ட்லயும் ஆறுமுகம்னே போட்டிருக்கு. ப்ரிண்டிங் மிஸ்டேக்கா?"

மிஸ்டேக் இல்லை. என் கோர்ட்டில் கயல்விழி. அவர் கோர்ட்டில் அவள் அண்ணன் கதிரவன். பெருங்களத்தூர்ப் பிள்ளைகள்; ராங்கிங் இல்லாததால் வைல்ட் கார்டு என்ற சிறப்பு அனுமதியில் உள்ளே வந்தவர்கள். கயலைக் கூப்பிட்டு, "உன் பேரு எங்கடி போச்சு?" என்று கேட்டேன்.

"ஆன்லைன்ல ஃபேமிலி நேம் என்னன்னு கேட்டான் மேடம். எங்க ஃபேமிலில எல்லாருக்கும் பொதுவா இருக்கறது அப்பா பேருதான். அதைப் போட்டுட்டேன். அண்ணனும் அதையே போட்டுட்டான்."

ஃபேமிலி நேம் எதுவோ அதைச் சொல்லித்தான் அம்பயர் அறிவிக்க வேண்டும். நமக்குத்தான் அப்படி ஒன்று கிடையாதே. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். சரி, ஆறுமுகமாகவே இருக்கட்டும் என்று நாற்காலியில் ஏறினேன்.

2. இரண்டு பக்கமும் கூப்பிட்டால்

இரண்டு கோர்ட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் கயலின் அப்பாவும் அம்மாவும். அப்பா ரயில்வேயில் டிராக் பராமரிக்கும் கேங்கில் வேலை செய்கிறவர். வெயிலில் கறுத்து, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அம்மா காமாட்சி தையல்காரி. அவர் வாய் ஒரு நிமிடம் சும்மா இருந்து நான் பார்க்கவில்லை.

கயல் தட்டுத்தடுமாறி முதல் கேமை எடுத்தாள். நான் மைக்கில் சொன்னேன்: "கேம், ஆறுமுகம்."

"சார்!"

கயலின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காமாட்சி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ், குந்துய்யா. பொண்ணத்தான்யா சொல்றாங்கோ."

"எம் பேரத்தான சொன்னாங்கோ? எனக்கு காது நல்லாத்தான கேக்குது?"

அவர் உட்காருவதற்குள் பின்னாலிருந்து பாஸ்கரின் குரல்: "அட்வான்டேஜ், ஆறுமுகம்."

"சார்!" இப்போது அந்தப் பக்கம் திரும்பி.

இப்படியே போனது. என் பக்கம் ஒரு "சார்", பாஸ்கர் பக்கம் ஒரு "சார்". கூட்டம் முதலில் அடக்கிக்கொண்டு சிரித்தது. அப்புறம் அடக்காமல் சிரித்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்கோரை டேப்லெட்டில் தட்டினேன். சேர் அம்பயர் சிரிக்கக்கூடாது. சிரித்தால் யாருக்கோ சார்பாக இருக்கிறாள் என்று அர்த்தமாகிவிடும்.

ஒரு முறை நானும் பாஸ்கரும் ஒரே நொடியில் "கேம், ஆறுமுகம்" என்றோம். மனிதர் எழுந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்து நொந்துபோய்க் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா கூப்ட்டா நான் எங்க சார் போறது?"

லைன் அம்பயர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தோள்கள் குலுங்கின. கயல் ராக்கெட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. கயல் அன்று காலை பயந்துபோய் வந்திருந்தாள். முதல் சில சர்வீஸ்கள் நெட்டிலேயே விழுந்தன. அப்பா எழுந்து நின்று சிரிப்பு மூட்டிய பிறகுதான் அவள் தோள் தளர்ந்தது, கை நீண்டது. பந்தைப் புல்லோடு புல்லாக வெட்டி வெட்டி அனுப்பினாள். எதிரில் ஆடிய பெண் குனிந்து குனிந்தே களைத்துப்போனாள். கயல் ஒரு செட்டும் விடாமல் ஜெயித்தாள்.

அண்ணன் பக்கம் அப்படி இல்லை. டென்னிஸ் கணக்கு அவர்கள் அப்பாவுக்குத் தெரியாது. பதினைந்து, முப்பது, நாற்பது என்று ஏன் தாவுகிறது என்று அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது.

"காமாட்சி, அந்தாண்ட சாரு என்னிய கூப்டறதே இல்ல. புள்ள தோக்கறான் போலக்குது" என்றார்.

தோற்றுத்தான்போனான். வெள்ளைச் சட்டையெல்லாம் பச்சைக் கறையோடு கதிர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தங்கச்சிக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டான். நல்ல பையன்.

3. சூப்பர்வைசர் தலையைப் பிடித்துக்கொண்டார்

ஆட்டம் முடிந்து நான் இறங்கி வந்ததும் காமாட்சியே என்னிடம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இவுரு வேணும்னு பண்ணல. காலைல மஸ்டர்ல பேரு கூப்டும்போது சவுண்டு குடுக்கலன்னா ஆப்சென்ட் போட்டுடுவாங்கோ. வேலைக்கு சேந்ததுலர்ந்து அதே பழக்கம். எங்க கல்யாணத்துல ஐயரு பேரைச் சொல்லி மந்திரம் சொன்னாரு. அதுக்கே எந்திரிச்சு நின்னுட்டாரு. நான் பக்கத்துல தனியா குந்திகினு இருந்தேன்."

நான் அப்போதும் சிரிக்கவில்லை. ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பாஸ்கரோடு சேர்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

கதவைத் தட்டிக்கொண்டு சூப்பர்வைசர் ஹென்றி வந்தார். போட்டிக்கு மேற்பார்வையாளராக வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்டவர். நெடுநெடுவென்று இருப்பார். இளநீர் என்றால் உயிர். விதி என்றால் அதைவிட உயிர். அந்த வாரம் என் வேலையைப் பார்த்து மதிப்பெண் போடுவதும் அவர்தான். அதை வைத்துத்தான் என் அம்பயர் தகுதிக்கான பேட்ஜ் நிற்கும்.

அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"ஸ்டெல்லா, அந்த மனிதர் யாருக்குப் பதில் சொல்கிறார்?"

"எனக்கு."

"ஏன்?"

"நான் அவரைக் கூப்பிடுகிறேன்."

அரை மணி நேரம் விளக்கினேன். இனிஷியல் என்றால் என்ன, அப்பா பெயர் எங்கே நிற்கும், மகன் பிள்ளை பெற்றால் அது எப்படி மாறும், எல்லாம். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்படியானால், ஆறுமுகம் என்பது ஆடுகிறவர்களின் பெயர் இல்லை. உண்மையில் அவர் ஒருவருடைய பெயர்தான்?"

"ஆமாம்."

"இந்த மைதானத்திலேயே ஒழுங்காக நடந்துகொள்பவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது" என்றார்.

எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் அடுத்துச் சொன்னது பிடிக்கவில்லை. அரையிறுதியில் கயலோடு ஆடப்போகிற ஐரோப்பியப் பெண், கேலரியிலிருந்து பார்த்துவிட்டுப் புகார் கொடுத்திருந்தாள். நியாயமான புகார்தான். சர்வீஸ் போட நிற்கும்போது ஒருவர் கத்தினால் கை நடுங்கத்தானே செய்யும்? பிளேயரோடு வந்தவர்கள் தொந்தரவு செய்தால் அது பிளேயர் தலையில்தான் விடியும்.

"நாளை ஒரு சத்தம் வந்தாலும் அவரை வெளியே அனுப்பிவிடுவேன். கயலுக்குக் கோட் வயலேஷன் எச்சரிக்கை. திரும்ப வந்தால் பாயிண்ட் போகும்" என்றார் ஹென்றி.

கயலுக்கு அந்த அரையிறுதி எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அதை ஜெயித்தால் ராங்கிங்கில் பெயர் நன்றாக மேலே ஏறும். அதற்குப் பிறகு வைல்ட் கார்டு கொடுங்கள் என்று ஒவ்வொரு போட்டிக்கும் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். நேராக உள்ளே போகலாம். அதற்காகத்தான் அந்தக் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் அப்பாவின் ஒரு "சார்" கெடுத்துவிடும் நிலைமை.

4. பெயரை எடுத்துவிட்டார்கள்

அரையிறுதிக்கு முன்னால் டாஸ் போடும்போது, வழக்கம்போல, "உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்?" என்று இருவரையும் கேட்டேன். எப்போதும் கேட்போம். கயல் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"மேடம், இன்னிக்கு கயல்விழின்னே கூப்பிடுங்க. ஹென்றி சார்கிட்ட கேட்டுட்டேன். ஓகே சொல்லிட்டார்."

நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். எப்படித் தோன்றாமல் போயிற்று என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"கேம், கயல்விழி" என்றேன். கேலரி அமைதி. ஆறுமுகம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். டூட்டி முடித்து ஆரஞ்சு ஜாக்கெட்டோடு வந்திருந்த அவருடைய கேங் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இந்த வேடிக்கையைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

சத்தம் போயிற்று. ஆட்டமும் போயிற்று. கயலின் தோள் மறுபடி இறுகிவிட்டது. ஒவ்வொரு கேம் முடிந்ததும் அப்பா பக்கம் பார்த்தாள். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. எதிராளி அழகாக ஆடினாள். அதையும் சொல்ல வேண்டும். முதல் செட் அவளுக்குப் போனது.

செட் முடிந்து இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் ஆறுமுகம் மனைவியிடம் கேட்டது எனக்குக் கேட்டது. மெதுவாகத்தான் கேட்டார். அவர் மெதுவாகப் பேசுவதே அவ்வளவு சத்தம்.

"காமாட்சி, எம் பேர எடுத்துட்டாங்களா? மஸ்டர்ல பேரு வர்லன்னா வேலய வுட்டு தூக்கிட்டாங்கன்னு அர்த்தம். நான் இன்னா தப்பு பண்ணேன்?"

கயல் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். எழுந்து நேராக என் நாற்காலிக்கு வந்தாள்.

"மேடம், பேரை மாத்துங்க. ஆறுமுகம்னே சொல்லுங்க."

"அவர் கத்தினா உனக்குத்தாண்டி வயலேஷன்."

"பரவால்ல. அது எங்கப்பா பேரு மட்டும் இல்ல மேடம். என் பேரும் அதான்."

பிளேயர் கேட்டால் சூப்பர்வைசரைக் கோர்ட்டுக்கு வரவழைக்கலாம். வாக்கி-டாக்கியில் கூப்பிட்டேன். ஹென்றி நீளக் கால்களை எட்டிப்போட்டு வந்து, கயல் சொன்னதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். கேலரியைப் பார்த்தார்.

"பெயர் அவளுடையது. அவள் இஷ்டம். விதி என்னுடையது. அது மாறாது" என்றார்.

பிறகு வெளியே போகாமல், கேலரிக்குப் போய், ஆறுமுகத்துக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த கதிரை எழுப்பிவிட்டு, தான் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தமாதிரி ஆறுமுகம் இன்னும் விறைத்துப்போனார். அந்தப் பக்கத்திலிருந்து காமாட்சி அவர் காதில் சொல்வது உதட்டசைவிலேயே எனக்குப் புரிந்தது: வாயத் தொறந்தே, பாப்பாவுக்குப் பாயிண்டு போயிடும்.

5. கை

மைக்கைப் பிடித்தேன். எத்தனையோ ஆட்டங்களில் சொன்ன சாதாரண வாக்கியம்தான். அன்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

"செகண்ட் செட். ஆறுமுகம் டு சர்வ்."

ஆறுமுகம் எழுந்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் அல்லவா! வாய் திறந்தது. ஹென்றியின் கை வாக்கி-டாக்கிக்குப் போனது.

சத்தம் வரவில்லை. ஆறுமுகம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கையை மட்டும் தலைக்கு மேல் விறைப்பாகத் தூக்கினார். நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

கயல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு போட்ட சர்வீஸ் புல்லில் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. எதிராளியின் ராக்கெட் அதைத் தொடவே இல்லை.

அப்புறம் என்ன? கேமுக்குக் கேம் கை. அட்வான்டேஜுக்குக் கை. கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு ஜாக்கெட்காரர்களும் கையைத் தூக்க ஆரம்பித்தார்கள். பிறகு கேலரியில் மற்றவர்களும். "கேம், ஆறுமுகம்" என்று நான் சொன்னதும் ஒரு சத்தமும் இல்லாமல் நூற்றுக்கணக்கான கைகள் மேலே போய்க் கீழே வரும். பின்வரிசையில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவரும் தூக்கினார். ஹென்றி விதிப்புத்தகத்தை ஃபோனில் தள்ளித் தள்ளித் தேடினார். பிறகு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது செட் கயலுக்கு. மூன்றாவதில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. வெயில் சாய்ந்து, திருநீர்மலை பக்கமிருந்து காற்று வீச ஆரம்பித்தது. கடைசிக் கேமில் டியூஸ் மேல் டியூஸ்; ஸ்கோர் திரும்பத் திரும்பச் சமமானது. ஒருவழியாக நான், "அட்வான்டேஜ், ஆறுமுகம்" என்றேன். மேட்ச் பாயிண்ட்; இன்னும் ஒன்று எடுத்தால் ஜெயம்.

ஆறுமுகம் எழுந்தார். இந்த முறை அடக்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சுருட்டி, வாயில் திணித்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நின்றன. ஹென்றி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோளும் குலுங்கிற்று.

கயல் சர்வ் செய்தாள். எதிராளி ஆழமாகத் திருப்பி அனுப்பினாள். கயல் ஓடிப்போய், பந்தை அடியில் வெட்டி, நெட்டுக்கு அப்பால் மெல்லப் போட்டாள். அது எழவே இல்லை. எதிராளி பாய்ந்து, சறுக்கி, புல்லில் நீளமாகப் படுத்தாள். பந்து அவள் ராக்கெட்டுக்கு எட்டாமல் இரண்டாம் முறை தரையில் பட்டது.

"கேம், செட் அண்ட் மேட்ச், ஆறுமுகம்."

இனி விதி இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். நானும் ஸ்கோரை மூடாமல் காத்திருந்தேன். மனிதர் வாயில் துண்டோடு நின்றார், கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஹென்றியே எழுந்து அந்தத் துண்டை உருவி எடுத்து, "நௌ, மிஸ்டர் ஆறுமுகம், நௌ!" என்றார்.

வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

பேஸ்லைனில் நின்றிருந்த கயல் ராக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"சார்!"

கேலரி கைதட்டலில் பிய்த்துக்கொண்டது. தோற்ற பெண்ணே எழுந்து வந்து கயலைக் கட்டிக்கொண்டாள். நான் மூக்கை உறிஞ்சியது மைக்கில் போய் இரண்டு கோர்ட்டுக்கும் கேட்டதாகப் பாஸ்கர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

6. இன்னொரு பெயர்

ஹென்றி எனக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டார். "அறிவிப்பு தெளிவு. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தப் பழக வேண்டும்" என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் சிவப்பாகத்தான் இருந்தது.

இளம் அம்பயர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பெயரை உச்சரிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மைக்கில் ஒரு பெயரைச் சொல்வது சின்ன வேலை இல்லை. அதை நான் கற்றுக்கொண்டது ஆறுமுகத்திடம். மிச்சத்தைக் காமாட்சி கற்றுக்கொடுத்தார்.

அரையிறுதி முடிந்த அன்று சாயங்காலம் கிளம்பும்போது, காமாட்சி கேட் அருகில் என்னை மடக்கினார்.

"மேடம், அவுரு பேரு ஏர்போர்ட் வரிக்கும் கேட்டுருக்கும். நல்லாக்கீது. ஆனா விடிகாலைல பொண்ண ஸ்கூட்டில இட்டாந்து இங்க வுட்டதெல்லாம் நானு. இவுருக்கு இன்னும் கோர்ட்டு எந்தப் பக்கம்னே தெரியாது. எம் பேர ஒரு தபா சொல்லக்கூடாதா?"

ஃபைனலில் கயல் தோற்றுப்போனாள். நன்றாக ஆடித்தான் தோற்றாள். அரையிறுதியிலேயே அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டதால் முகத்தில் வருத்தமே இல்லை. பரிசளிப்பில் பெயர் வாசிக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே ஃபேமிலி நேம் விதி எதுவும் கிடையாது.

"ரன்னர்-அப்: காமாட்சி, ஆறுமுகம் இவர்களின் மகள் கயல்விழி!"

வாரம் முழுக்க வாய் ஓயாமல் பேசிய காமாட்சி, ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்ல எழுந்தார். சேலை முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் பேர் வாசித்த பிள்ளைபோல நேராக நின்றார். பக்கத்திலிருந்த ஆறுமுகம் ஒரு கணம் பொறுத்துப் பார்த்தார். மனைவி பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும், ஆப்சென்ட் போட்டுவிடப் போகிறார்களே என்ற பதற்றத்தில் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"வந்துக்கீறாங்க சார்! இதோ, இங்கதான் நிக்கிறாங்க!"